எனக்கு ஊசி, பத்துமலைக்குக் கதிர்வீச்சு

சுங்காய், பேராக்
9.6.2025

அன்பு மகள் ஜூலியானாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் கோலினும் குழந்தை ஜானிஸும் அந்த ஊர்க் குளிரில் சளி பிடிக்காமல் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் என்னால் எதையும் வரிசையாகச் சொல்ல முடிவதில்லை, பாதியில் அம்மா வாங்கிக்கொள்கிறாள், நீயும் "அப்பா, விஷயத்துக்கு வாங்க" என்கிறாய், வந்து சேர்வதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். கீழ்க்கண்ட வரிசைப்படி சொல்வேன். எங்காவது வரிசை தப்பினால் பொறுத்துக்கொள்.

1. வீட்டுச் செய்தி
2. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது
3. ஜைனுவுக்கும் எனக்கும் ஒரே நோய், இரண்டு வைத்தியம்
4. எனக்கு உரிய இடத்தைப் பத்துமலை எடுத்துக்கொண்டது
5. என் முடிவும் உனக்கு ஒரு வேண்டுகோளும்

முதலாவது வீட்டுச் செய்தி. பின்பக்கக் கூரை ஒழுகுவது நின்றுவிட்டது, செம்பனைத் தோட்டத்துக் குரங்குகள் வருவது நிற்கவில்லை. அம்மாவின் வலது கண்ணில் படலம் கூடிவிட்டது, ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம், நாள் வரவில்லை. கோயிலில் வாசகம் வாசிப்பதை அம்மா விட்டுவிட்டாள், எழுத்து ஊர்கிறதாம். படி ஏறும்போது, ரோடு தாண்டும்போது இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு போகிறோம், பார்ப்பவர்கள் கல்யாணமான புதிது போல என்று கேலி செய்கிறார்கள். மற்றபடி சமையல், துணி, கடைகண்ணி எல்லாம் எப்போதும் போல அவள்தான். கண் சரியில்லாமல் எப்படிச் செய்கிறாள் என்று கேட்டால், "ஒங்க அப்பா கண்ணு நல்லாருந்து என்னா செஞ்சாரு" என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

இரண்டாவது. எனக்கு வந்திருப்பது பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்பது உனக்குத் தெரியும். பிப்ரவரியில் ரத்தப் பரிசோதனை, அதற்குப் பதினொரு வாரம் கழித்து ஸ்கேன், அதுவரை ஒவ்வொரு நாள் காலையிலும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் பார்த்த டாக்டர் சொன்னது, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசியும் அதோடு இருபது நாள் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்தால் நோயை அடியோடு போக்கப் பார்க்கலாம், ஊசி மட்டும் என்றால் அதைத் தூங்கவைக்கலாம், என்றைக்கு விழிக்கும் என்று சொல்ல முடியாது. நான் இரண்டும் சேர்த்துத்தான் கிடைக்கும் என்று எண்ணியிருந்தேன். மே மாதம் 22ஆம் தேதி அம்மாவும் நானும் முதல் பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனோம். முதலில் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள், நிரப்பிக் கொடுத்தேன். பிறகு சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்க உடம்பு நிலைக்கு ஊசியே போதும், கதிர்வீச்சைத் தாங்க மாட்டீங்க" என்றார். நான் "தெரிமா காசி டாக்டர்" என்று நன்றி சொல்லி எழுந்துவிட்டேன். சட்டைப் பையில் ஏழு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன், மடித்தபடியே வீட்டுக்கு வந்து சேர்ந்தது அந்தத் தாள். பஸ் தாப்பா தாண்டியதும் அம்மா, "ஏன்னு ஒரு வார்த்த கேட்டா வாயில முத்து உதிந்துருமா" என்றாள். ஏன் என்று கேட்க என்ன இருக்கிறது, உடம்பு நிலை என்றால் எழுபத்தாறு வயது என்று அர்த்தம், அதைக் கேட்டு வேறு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. நான் நினைத்தது சரியோ தப்போ, அப்போது அப்படித்தான் தோன்றியது.

மூன்றாவது ஜைனு. என் பள்ளிக்கூடத்து ஜைனுலாப்தீனை உனக்கு நினைவிருக்கும், ஈப்போவில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவன், நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது உனக்கு முட்டை ரொட்டியில் சீனி தூவிக் கொடுப்பான். எனக்கு இரண்டு வயது மூத்தவன், ஒரே வகுப்பு. அவனுக்கும் இதே நோய், எனக்குக் கண்டுபிடித்த அதே மாதத்தில்தான் ஏறக்குறைய அவனுக்கும். முந்தாநாள் ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கூப்பிட்டிருந்தான், போனோம். அவனுக்கு இருபது நாள் கதிர்வீச்சும் முடிந்தே விட்டது. ஆறு நாளில் ஸ்கேன் எடுத்தார்களாம். தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனையும் மகன் நிஹாலையும் உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினாராம், படம் வரைந்து காட்டினாராம், "என்ன வேலை செய்யறீங்க, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கறீங்க, எதுக்குப் பயப்படறீங்க" என்று கேட்டாராம். எழுபத்தெட்டு வயதுக்காரனிடம் எதற்குப் பயம் என்று கேட்டிருக்கிறார்கள், எழுபத்தாறு வயதுக்காரனிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அவன் சிரித்துக்கொண்டே, "மச்சான், அந்த மெசினு நம்ம கட தந்தூரி அடுப்பு மாரியே சுத்துதுடா, நாந்தான் கோழி, இருவது நாளு வெந்துட்டு வந்துருக்கேன்" என்றான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்தது என்று காலில் ஒரு காலுறையைக் காட்டினான், அடியில் ரப்பர்ப் பொட்டுகள் வைத்தது, வழுக்காதாம். மகளே, நான் எதையெல்லாமோ விட்டுவிட்டு அந்தக் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவேன்.

அவன் கெட்டவனாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும். அவன் மனைவி ஜெய்னம்பு அக்கா எங்களுக்கு ரெண்டாங் இறைச்சியும் பிரியாணியும் கட்டிக் கொடுத்தார், அது இரண்டு நாளைக்குக் காணும். நிஹால் எங்களைப் பஸ் ஸ்டேஷன் வரைக்கும் காரில் கொண்டுவந்து விட்டான், தன் அப்பாவுக்கென்று சீட்டின் முதுகில் ஒரு தலையணை கட்டிவைத்திருக்கிறான், அந்தத் தலையணையில்தான் நான் சாய்ந்துகொண்டு வந்தேன். புறப்படும் முன் ஜைனு, "ஒனக்கும் கதிர் குடுப்பாங்கல்ல, கட மேல ரூம்பு சும்மாதான கெடக்கு, இருவது நாளும் இங்கயே தங்கு, நம்ம கடையிலயே சாப்டு, காரம் கம்மியா போடச் சொல்றேன்" என்றான். எனக்குக் கதிர் இல்லை என்று அவனிடம் சொல்ல நாக்கு எழவில்லை, பார்க்கலாம் என்றேன். எழுபதோடு இன்சூரன்ஸ் நின்றுபோனதால் தெலுக் இந்தானில் இருந்த இன்னொரு கடையை விற்றுத்தான் வைத்தியம் பார்த்தார்கள் என்று ஜெய்னம்பு அக்கா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாராம். இதைக் கேட்டால் இரக்கம் வர வேண்டும். எனக்கு வந்தது, விற்பதற்கு ஒரு கடை இருந்ததே என்ற நினைப்பு. தோட்டத்து ஆபீசில் முப்பத்தோரு வருடம் கணக்கெழுதும் கிராணியாக உட்கார்ந்தவனிடம் விற்க என்ன இருக்கிறது, கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள், அதை யார் வாங்குவார்கள்.

நான்காவது. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஜைனு விஷயத்தில் பணம் இருந்தது, மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ள ஒரு காரணமாவது இருக்கிறது. பத்துமலை விஷயத்தில் அதுவும் இல்லை. அவர் நம் தோட்டத்தில் கீழ் லயத்தில் குடியிருந்து ரப்பர்ப் பால்மரம் வெட்டினவர், மெலிந்த உயரமான ஆள், மனைவி இறந்து எட்டு வருடமாகிறது, இப்போது நம் தாமான் வீடுகளுக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் தனியாக இருக்கிறார். எழுபத்து நான்கு வயது. அவருக்கும் இதே நோய், என்னைவிடக் கொஞ்சம் முற்றியது. மே 22ஆம் தேதி அதே கிளினிக்கில் அவரும் இருந்தார், அதே படிவத்தை அவருக்கும் கொடுத்தார்கள். என்னிடம் ஷஹீதா என்கிற நர்ஸ் மிஸ்ஸி ஒரு பேனாவை நீட்டிவிட்டுப் போய்விட்டார். பத்துமலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு இருபது நிமிடம் பேசினார், இரண்டு பேரும் சிரித்தார்கள், நான் கடிகாரத்தைப் பார்த்தேன், இருபது நிமிடம். அன்றைக்கே பத்துமலைக்குக் கதிர்வீச்சு எழுதிவிட்டார்கள். ஜூன் 23ஆம் தேதி தொடங்குகிறது. ஈப்போ புந்தோங்கில் இருக்கும் மகள் நவமணி வீட்டில் தங்கிக்கொள்ளப் போகிறார். காலை இருட்டில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நடக்கும்போது நான் செக்ரோல் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் வாசிப்பேன், "இருக்கேங்க" என்று வரிசையின் கடைசியில் இருந்து ஒரு குரல் வரும், அது இவர் குரல். இப்போது இவர் பெயரை மிஸ்ஸி முதலில் வாசிக்கிறார், நான் வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறேன். இவருடைய தங்கை மகன் கட்சிக் கிளையில் ஏதோ பொறுப்பில் இருக்கிறான், எங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமோ அங்கே சொல்லியிருப்பான். இடங்கள் குறைவு என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். குறைவாக இருக்கும் ஒன்று அவருக்குப் போனால் அது யாரிடமிருந்து போயிருக்கும். நான் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "பொண்டாட்டி இல்லாத மனுசன், பாவம், அவரப் போயி இப்புடிப் பேசுறீங்களே, அவருக்குக் கெடச்சா ஒங்களுக்கு வலிக்குதா" என்றாள். ஆமாம், வலிக்கிறது என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன்.

ஐந்தாவது. என் முடிவு, ஊசியோடு இருந்துகொள்வது. நீ பணம் அனுப்புகிறேன், தனியாரில் பாருங்கள் என்று சொன்னாய், வேண்டாம், உங்கள் வீட்டுக்கடன் எனக்குத் தெரியும். லீவு எடுத்துக்கொண்டு வரவும் வேண்டாம், வந்து ஆஸ்பத்திரியில் சண்டை போடுவாய், பிறகு நீ போய்விடுவாய், அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவன் நான். வேண்டுகோள் ஒன்றுதான். இதைப் படித்துவிட்டு அம்மாவிடம் போனில் பத்துமலையைப் பற்றி ஒன்றும் கேட்காதே.

20.6.2025

மேலே உள்ளதை எழுதி உறைக்குள் வைத்தேன், உறையை ஒட்டவில்லை. தபாலாபீசுக்கு இரண்டு முறை போய்விட்டு வரிசை நீளமாக இருக்கிறது என்று திரும்பிவிட்டேன், வரிசை அவ்வளவு நீளமில்லை. நடந்ததைச் சொல்கிறேன், இதற்கு எண் போடவில்லை.

12ஆம் தேதி வியாழக்கிழமை சாயங்காலம் பத்துமலை ஒரு தூக்குச்சட்டியோடு வந்து வாசலில் நின்றார். கருவாட்டுக் குழம்பு வைத்தாராம், கிராணியம்மாவுக்குப் பிடிக்கும் என்று கொண்டுவந்தாராம். அம்மா உட்காரச் சொன்னாள், எப்போதும் போல அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அம்மாதான் ஆஸ்பத்திரியில் எல்லாம் எப்படி என்று கேட்டாள். அவர் சொன்னது, "நமக்கு எழுத்து அவ்வளவா வராதுங்களா, அந்த மிஸ்ஸிப் புள்ள ஒண்ணொண்ணா கேட்டுச்சு. தாத்தா நீங்களே சமைப்பீங்களா, நீங்களே தொவைப்பீங்களா, கடைக்கு எதுல போவீங்கன்னு. வேற யாரும்மா வந்து ஆக்குவா, செத்துப்போன பொஞ்சாதியா எந்திரிச்சு வருவான்னேன், அதுக்கு ஒரே சிரிப்பு. சைக்கிள்ல போவேன், பலகையில ஆணி அடிப்பேன், ரம்புத்தான் மரத்துல ஏறுவேன்னு எல்லாத்தையும் சொன்னேன். அதுக்கு அது, அப்ப நீங்க கதிரு தாங்குவீங்க தாத்தான்னு எழுதிக்கிச்சு."

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தவள் என் பக்கம் திரும்பி, "நீங்க என்னா எழுதுனீங்க" என்றாள். நினைவில்லை என்றேன். அது பொய், எனக்கு எல்லாம் நினைவிருந்தது. நான் கொடுக்கும் எந்தப் படிவத்தையும் போனில் படமெடுத்து, கடையில் அச்சடித்து, தேதி போட்டுக் கோப்பில் வைப்பவன் என்பது அவளுக்குத் தெரியாதா. கோப்பை அவளே எடுத்துவந்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மலாயில் அச்சடித்த படிவம், ஒவ்வொரு வேலைக்கும் நேராக மூன்று கட்டங்கள், தானே, உதவியோடு, பிறர். சமையல், பிறர். துணி துவைப்பது, பிறர். கடைக்குப் போவது, பிறர். மருந்து எடுத்துக்கொள்வது, பிறர், ஏனென்றால் அவள்தானே வெந்நீரோடு உள்ளங்கையில் வைக்கிறாள். டெலிபோன் பேசுவது, உதவியோடு. படி ஏறுவது, உதவியோடு. கீழே குறிப்பு என்று இருந்த இடத்தில் "எல்லாவற்றையும் என் மனைவி கவனித்துக்கொள்கிறார்" என்று எழுதி, கோணாமல் கையெழுத்தும் போட்டிருந்தேன். ஒரு வரி பொய் இல்லை ஜூலி. இருப்பதைக் கூட்டிச் சொல்லக் கூடாது என்று நினைத்துத்தான் எழுதினேன்.

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். "அம்பது வருசமா அடுப்புப் பக்கம் வராத மனுசன, படுத்த படுக்கன்னு நெனச்சிருச்சே ஆஸ்பத்திரி" என்றாள். பிறகு சிரிப்பு நின்று, "எனக்குக் கண்ணு தெரியலன்னு நீங்க என் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறீங்க, அதையும் ஒங்களால நடக்க முடியலன்னா எழுதுனீங்க" என்று கேட்டாள், அந்தக் குரலில் கோபம் இருந்தது, பயமும் இருந்தது. பத்துமலை எழுந்து நின்றுகொண்டு, "கிராணியார், போயிச் சொன்னா மாத்தி எழுதுவாங்க, கேட்டுப் பாருங்க" என்றார். என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தெரிந்ததோ, தூக்குச்சட்டியைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

அப்போதும் நான் சொன்னது, மாற்றி எழுதினால் அது பொய்யாகிவிடுமே, நான் சமைப்பதில்லையே என்பதுதான். அம்மா, "அப்ப பொய் எழுதாதீங்க, வந்து சமைங்க" என்றாள். மறுநாள் வெள்ளிக்கிழமை சோறு வைத்தேன். அடிபிடித்தது. சனிக்கிழமை துணியைச் சலவை மெஷினில் போட்டேன், அதற்குள் என் மூக்குக்கண்ணாடியும் போய்விட்டது, உடையவில்லை. திங்கட்கிழமை பையை எடுத்துக்கொண்டு தனியாக மார்க்கெட்டுக்குப் போய் கெம்போங் மீன் வாங்கினேன், கண் சிவந்ததை வாங்கியிருக்கிறீர்கள் என்றாள். நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டுக்கொண்டு தோட்டத்தில் தண்டல் மேற்பார்வைக்கு நிற்கிற மாதிரி என்னை வேலை வாங்கினாள். நான் ஒவ்வொன்றையும் எழுதிவைத்துக்கொண்டேன், வெங்காயம் பொன்னிறமாக வதங்க வேண்டும் என்கிறாள், எந்தப் பொன் என்று கேட்டால் திட்டுகிறாள். செவ்வாய்க்கிழமை நான் வைத்த பருப்புக் குழம்பைத் தூக்குச்சட்டி வாங்க வந்த பத்துமலைக்குக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு யோசித்து, "உப்பு மட்டும் பெரட்டுக்கு வரலீங்க கிராணியார், மத்த எல்லாம் ஆஜரு" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கு அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது. சமையலும் அவருக்கு நன்றாக வருகிறது, பேச்சும் வருகிறது, மரமும் ஏறுகிறார். நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே.

புதன்கிழமை 18ஆம் தேதி ஈப்போவுக்குப் போனோம், அப்பாயின்ட்மென்ட் இல்லாமல். சொல்ல வேண்டியதை ஒரு அட்டையில் எழுதிப் பஸ்ஸில் மனப்பாடம் செய்தேன். மிஸ்ஸி ஷஹீதாவின் முன்னால் போய் நின்றதும் முதல் வரி மறந்துவிட்டது, அட்டையை அப்படியே அவரிடம் நீட்டிவிட்டேன். அவர் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். "ஐயோ அங்கிள், நீங்க செய்யறீங்களான்னு இது கேக்கல, செய்ய முடியுமான்னுதான் கேக்குது. அங்கிள் சரசரன்னு எழுதறதப் பாத்து, படிச்சவரு, இவருக்கு நாம ஒக்காந்து சொல்லணும்னு இல்லன்னு விட்டுட்டேன். படிக்கத் தெரியாதவங்களுக்கு மட்டுந்தான் ஒக்கார நேரம் இருக்கு, ஒரு நாளைக்கு அத்தன பேரு வாராங்க" என்றார். பிறகு, "ஆன்ட்டி ஊருக்குப் போயிட்டாங்கன்னா அங்கிளால சோறு வைக்க முடியுமா" என்று கேட்டார். போன வெள்ளிக்கிழமையிலிருந்து முடியும் என்றேன். அவர் சிரித்ததில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் என்னை நடக்கச் சொல்லி நேரம் பார்த்தார், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழச் சொன்னார், ஒரு கடிகாரம் வரைந்து முள்ளை வைக்கச் சொன்னார், நான் ரோமன் எண்ணில் வரைந்தேன். "இது போட்டி இல்ல அங்கிள்" என்றார்.

அந்த டாக்டரம்மா அன்றைக்கே பார்த்தார். முதல் படிவத்தையும் இரண்டாவதையும் அருகருகே வைத்துக்கொண்டு, "இதப் பாத்துத்தான் அப்படிச் சொன்னேன், உங்களப் பாத்து ஒரு தடவ கேட்டிருக்கணும்" என்றார். வயது காரணமா என்று கேட்டேன். இது என் தாளில் எழுதாத கேள்வி, வாய் திறந்து கேட்டுவிட்டேன். வயது இல்லையாம், என்னுடைய கட்டங்கள்தான் காரணமாம். ஜூலை 14ஆம் தேதி திங்கட்கிழமை கதிர்வீச்சு தொடங்குகிறது, இருபது நாள். தாளில் எழுதியிருந்த ஏழு கேள்விகளையும் கேட்டேன், நான்கிற்குப் பதில் கிடைத்தது, வெளியே ஆள் காத்திருந்தார்கள்.

வெளியே வந்தபோது தெலுக் இந்தானிலிருந்து வந்த ஒரு பெரியவர், என் வயதுதான் இருக்கும், சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டு, மடியில் அதே படிவத்தை வைத்து வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி மருந்துப் பையோடு உட்கார்ந்திருந்தார். கேட்காதவருக்கு நான் புத்தி சொன்னதே கிடையாது. அன்றைக்குப் போய், "எழுதாதீங்கண்ணே, மிஸ்ஸியக் கேக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், தனக்கு எழுதத் தெரியும் என்றார். அம்மா போய் அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஐந்து நிமிடத்தில் அந்த அம்மாள் எழுந்துபோய் மிஸ்ஸியைக் கூட்டிவந்துவிட்டார்.

இருபது நாளும் சுங்காயிலிருந்து போய்வர என்னால் முடியாது, அம்மாவின் கண்ணை வைத்துக்கொண்டு முடியவே முடியாது. ஜைனுவுக்குப் போன் செய்தேன், அம்மா அழுத்தித் தரவில்லை, நானே எண்ணை அழுத்தினேன். மேல் அறையைப் பற்றி, அவனுக்குத் தொந்தரவு இல்லையென்றால், வாடகை மாதிரி ஏதாவது, என்று ஆரம்பித்தேன். "என்னா மச்சான், கவர்மெண்டுக்கு லெட்டர் எழுதுற மாரிப் பேசுற, வா லா, ரெண்டு பேரும் வாங்க" என்று வைத்துவிட்டான். அறைக்கு ஏர்கோன் இருக்கிறதாம். அந்த வீட்டில் இருபது நாளும் அவன் காலுறையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அதையும் தாங்க வேண்டும் என்று எந்தப் படிவத்திலும் கேட்கவில்லை. மூன்றாவது தலைப்பில் நான் எழுதியது எதையும் மாற்றமாட்டேன். அவனுக்கு ஆறு நாளில் கிடைத்தது எனக்குப் பதினொரு வாரத்தில் கிடைத்தது, அவனிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டதை என்னிடம் ஒரு தாள் கேட்டது, நானும் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். எனக்காவது ஈப்போவில் ஒரு ஜைனு இருக்கிறான். அந்தத் தெலுக் இந்தான்காரர் எங்கே தங்குவார் என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

ஐந்தாவதில் எழுதிய முடிவு இதனால் தானாகவே மாறிவிட்டது, அதில் பணம் வேண்டாம் என்றது மட்டும் நிற்கும். வருவதா வேண்டாமா என்பதை உன் லீவைப் பார்த்து நீயே தீர்மானித்துக்கொள், வந்தால் ஜைனு கடை மேல் இன்னொரு பாயும் விரிக்கலாம், சண்டை மட்டும் போடாதே. அப்பா எழுதக் கூடாத விஷயம் ஒன்று, இருந்தாலும் எழுதுகிறேன். உனக்கு நாற்பத்தைந்து முடிந்துவிட்டது, மார்புப் பரிசோதனைக்கு அங்கே இலவசமாகக் கூப்பிடுகிறார்கள் என்று நீயே போன வருடம் சொன்னாய், போனாயா என்று அம்மா கேட்டதற்குப் பேச்சை மாற்றிவிட்டாய். போய் வா. அங்கே ஏதாவது தாளைக் கொடுத்தால் அவசரமாக நிரப்பாதே. ஆண்டவரும் அன்னை மரியாளும் உன்னையும் கோலினையும் குழந்தையையும் நோய் நொடி அண்டாமல் காக்கட்டும், உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.

பத்துமலையைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொல்கிறாள். என்னால் அது முடியவில்லை. செக்ரோலில் தவறு வந்தால் தாளைக் கிழிக்கக் கூடாது, அழிக்கவும் கூடாது. தவறு எல்லோருக்கும் தெரியும்படி அதன் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, சரியானதை எழுதி, தவறு செய்தவன் பெயரையும் தேதியையும் போட வேண்டும். நான்காவது தலைப்பின் மேல் கோடு இழுத்திருக்கிறேன், உன்னால் படிக்க முடியும். பத்துமலை என் இடத்தை எடுக்கவில்லை. அவர் தங்கை மகன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் கேட்டார்கள், அவர் உள்ளதைச் சொன்னார். நான் எழுதியது தவறு.

உன் அப்பா
மா. சவரிநாதன்
20.6.2025